இல்ல நலம்: ஞானப்பல் எடுத்தபின் உண்ணும் முறை

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். உணவை நன்றாக மென்று உண்பவர் நெடுநாள் வாழ்வர் என்பது இதன் பொருள். இந்த நல்ல முதுமொழியையும் ஏறக்குறைய ஒரு வாரம் ஒதுக்கி வைக்க வேண்டிய காலம் ஒன்று வாழ்வில் வருவதுண்டு. அது ஞானப்பல் எடுத்த வாரம்.

நம் இல்லங்களில் இத்தொல்லை பெரும்பாலும் கல்லூரியில் பயிலும் மகனுக்கோ, வேலைக்குச் செல்லத் தொடங்கிய மகளுக்கோ வருகின்றது. ஏனெனில் கடைவாயின் கோடியில் மூன்றாவதாக முளைக்கும் இப்பல் பொதுவாக 17 வயது முதல் 25 வயதுக்குள் வெளிப்படுகின்றது. அறிவு முதிரும் பருவத்தில் முளைப்பதால் இதற்கு ஞானப்பல் என்று பெயர். தாடையில் போதிய இடம் இல்லாதபோது இது சாய்ந்து முளைக்கும். சில வேளைகளில் எலும்பினுள்ளேயே புதைந்து நின்றுவிடும். இருக்கின்றது என்ற ஒரே காரணத்திற்காக அதனை எடுத்துவிட வேண்டியதில்லை. நோயற்ற புதைபல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கலாகாது என்று இங்கிலாந்தின் தேசிய மருத்துவ நெறிமுறை நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிவுரை வழங்கியது. ஈறு மீண்டும் மீண்டும் வீங்குதல், பல் சொத்தையாதல், நீர்க்கட்டி தோன்றுதல், பக்கத்துப் பல்லுக்குக் கேடு நேர்தல் ஆகியவை ஏற்பட்டால் எடுப்பதே நலம் என்று மருத்துவர் கூறுவார்.

பல் மருத்துவரின் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றது. அதன்பின் ஏழெட்டு நாள் வேலை நம் அடுப்படிக்கு உரியது. எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது, எப்போது வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புவது என்று தாய்மார்கள் தடுமாறுவதை நாம் காண்கின்றோம். ஒரு வீட்டில் வெறும் ரொட்டியும் தேநீரும் கொடுத்துப் பிள்ளையை வாட விடுகின்றனர். மற்றொரு வீட்டில், "தெம்பு வேண்டும்" என்று இரண்டாம் நாளே கோழிக் குழம்பும் சோறும் பரிமாறிவிடுகின்றனர். இரண்டும் தவறு. எனவே இம்மாதம் இதுபற்றி முறையாகக் காண்போம்.

குருதிக்கட்டி என்னும் மூடி

பல்லைப் பிடுங்கியதும் அது இருந்த இடத்தில் ஒரு குழி உண்டாகின்றது. அக்குழியில் குருதி நிறைந்து உறைந்து ஒரு கட்டியாகின்றது. இக்கட்டியே அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கின்றது. இதன்மேல்தான் புதிய தசை வளர வேண்டும். நாம் கூறப்போகும் விதிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டியைக் காப்பதற்கே ஏற்பட்டவை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், பட்டியல் ஏதும் கையில் இல்லாதபோதும் எது தகும், எது தகாது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

கட்டி நிலைபெறாமல் கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு வெளியே தெரியும்படி குழி வறண்டுவிடும். அப்போது காதுவரை பரவும் கடும்வலி உண்டாகும். வாயில் கெட்ட நாற்றமும் தோன்றும். இது மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். புகைபிடிப்போர்க்கு மிக அதிகம். சாதாரண வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். இந்த வலியோ, குறைந்து வந்தபின் மூன்றாம் நாள் அளவில் மீண்டும் மூண்டெழும். அவ்வாறு நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி விரைவில் தணியும்.

முதல் நாள்

உணர்வகற்றும் ஊசி மட்டும் போட்டுப் பல் எடுப்பதாயின், புறப்படுமுன் எளிய உணவு உண்டு செல்வதே நன்று. வெறும் வயிற்றில் சென்றால் மயக்கம் வரக்கூடும். முழு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன நேரம் முதல் எதுவும் உண்ணலாகாது.

பல் எடுத்தபின் குழியின்மேல் வைத்த துணிப்பஞ்சை அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அது வாயில் இருக்கும்வரை உணவு இல்லை. அதனை எடுத்த பின்னரும் அவசரப்படலாகாது. மரத்துப்போன உணர்வு பல மணி நேரம் நீடிக்கும். அந்நேரத்தில் மெல்லத் தொடங்கினால் தம் நாக்கையோ கன்னத்தையோ உதட்டையோ கடித்துக்கொள்வது உறைக்காது. சூடான காபியால் வாய் வெந்தாலும் தெரியாது. உதட்டில் உணர்வு திரும்பிய பிறகே உணவு கொடுக்க வேண்டும்.

முதல் நாள் உணவு குளிர்ந்ததாகவோ, அறையின் வெப்பத்தில் உள்ளதாகவோ இருக்கட்டும். சூடு குருதியோட்டத்தைத் தூண்டி மீண்டும் கசிவை உண்டாக்கக்கூடும். ஆற வைத்த பால், இளநீர், உப்பிட்ட நீர்மோர், கடைந்த தயிர், வடிகட்டி ஆறிய கேழ்வரகுக் கூழ், மசித்துக் கரைத்த அரிசிக் கஞ்சி ஆகியவை ஏற்றவை. முந்திரி, பாதாம் முதலிய பருப்புகள் இல்லாத ஐஸ்கிரீமைக் கிண்ணத்தில் இட்டுக் கரண்டியால் உண்ணலாம். இளைஞர்கள் இவ்விதியை மட்டும் தவறாது கடைப்பிடிப்பர்!

இங்கு முக்கியமான ஓர் எச்சரிக்கை. இளநீராயினும் பழச்சாறாயினும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சலாகாது. உறிஞ்சும்போது வாயினுள் உண்டாகும் இழுவிசை குருதிக்கட்டியைப் பெயர்த்துவிடலாம் என்பதால், ஒரு வாரமேனும் அதனைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். டம்ளரில் ஊற்றி மெல்லப் பருக வேண்டும். இதே காரணத்தால் முதல் 24 மணி நேரத்திற்கு வாய் கொப்பளிப்பதும் காறித் துப்புவதும் கூடா. உமிழ்நீரில் இளஞ்சிவப்பு நிறம் கலந்து வருவது இயல்பே. அதனைக் கண்டு அஞ்சி அடிக்கடி துப்பினால் கசிவு நிற்காது. பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். மதுவும் கூடாது, மெட்ரோனிடசோல் போன்ற மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் அம்மருந்தை உட்கொள்ளும் காலத்திலும், அது முடிந்தபின் குறைந்தது இரண்டு நாட்களும் மதுவைத் தொடலாகாது என்ற எச்சரிக்கை அதன் குறிப்பிலேயே இருக்கும்.

இரண்டாம் மூன்றாம் நாட்கள்

வீக்கம் உச்சநிலை அடைவது பல் எடுத்த அன்று அன்று. இரண்டாம் மூன்றாம் நாட்களில்தான். கன்னம் பெருத்து, வாயைத் திறப்பதே கடினமாகும். வலிந்து அகலத் திறக்கச் சொல்ல வேண்டாம். குழந்தைக்கு ஊட்டும் சிறு கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டால், பாதி திறந்த வாயிலும் உணவு எளிதில் செல்லும். கரண்டி முனை புண்ணில் படாதவாறு எதிர்ப்புறமாகக் கொடுக்க வேண்டும்.

இப்போது இளஞ்சூடான உணவு தரலாம். ஆனால் மெல்ல வேண்டிய தேவை இருக்கலாகாது. அரிசியை வழக்கத்தைவிட அதிக நீர் விட்டுக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, பருப்போடோ தயிரோடோ கலந்து கொடுக்கலாம். முழுப் பருக்கைகளாக இருக்கும் சோறு குழியில் புகுந்து தங்கிவிடும். ஆதலால் மசிப்பதில் சோம்பல் கூடாது. இட்லியைப் பாலிலோ, காரமில்லாத சாம்பாரிலோ நன்கு ஊறவைத்துப் பிசைந்து தரலாம். இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து மசிக்கலாம். உருளைக்கிழங்கு, பூசணி, கேரட் ஆகியவற்றை வேகவைத்து வெண்ணெய் சிறிது சேர்த்து மசிக்கலாம். நன்கு பழுத்த வாழைப்பழமும் பப்பாளியும் பிசைந்தால் தொல்லையின்றி இறங்கும். முட்டையை அடித்துப் பால் சிறிது சேர்த்து மென்மையாகக் கிளறிக் கொடுக்கலாம்.

குழம்பும் இரசமும் தாளிக்கும் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடுகு, சீரகம், மிளகுத்தூள், எள் முதலிய சிறுபொருள்கள் குழியில் புகுந்தால் எளிதில் வெளிவரமாட்டா. எனவே நோயாளிக்கு உரியதைத் தாளிப்பதற்கு முன்னரே தனியாக எடுத்து வைக்கவேண்டும். அல்லது வடிகட்டித் தரவேண்டும். தக்காளி விதை, கொய்யா விதை ஆகியவற்றிற்கும் இவ்விதி பொருந்தும். மிளகாய்க் காரம், ஊறுகாய், எலுமிச்சை, ஆரஞ்சு, புளிப்பு மிகுந்த இரசம் ஆகியவை புண்ணில் பட்டால் எரியும். சில நாள் அவற்றைத் தவிர்ப்பது நலம்.

"பருப்பு சீழ் பிடிக்கும்" என்பது உண்மையா?

அறுவை செய்த புண் உள்ளவர்க்குப் பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்கும், முட்டையும் மீனும் ஆகா என்று சில இல்லங்களில் மூத்தோர் கூறுவதுண்டு. நோயுற்றவர்மீது கொண்ட பரிவால் அவர்கள் கூறும் சொல் இது. எனவே அதை எள்ளி நகையாடலாகாது. ஆயினும் உண்மையை எடுத்துரைக்க வேண்டும். சீழ் பிடிப்பது நுண்கிருமிகளால் ஏற்படுவது, பருப்பால் அன்று. புண் ஆறுவதற்குப் புதிய தசை வளர வேண்டும். தசை வளரப் புரதம் வேண்டும். பருப்பையும் முட்டையையும் பாலையும் விலக்கினால் புண் ஆறுவது தாமதமாகும்.

50 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு நாள்தோறும் 40 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உள்ளது. 200 மில்லிலிட்டர் பாலிலும் அவ்வளவே உள்ளது. ஆகவே இரண்டு டம்ளர் பால், இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கிண்ணம் கெட்டியான கடைந்த பருப்பு, இவற்றோடு குழைந்த சோறு என்று கொடுத்தால் மெல்லாமலேயே அத்தேவை நிறைவேறிவிடும். முட்டை உண்ணாதவர்க்குப் பாலையும் பருப்பையும் கூட்டிக்கொள்ளலாம். ஒரே வேளையில் அதிகம் உண்ண இயலாது. எனவே இரண்டு மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுப்பதே முறை. தண்ணீரையும் மறக்கலாகாது. விழுங்க வலிக்கின்றதென்று நீர் அருந்தாதவர்க்கு வாய் உலர்ந்து நாற்றமும் சோர்வும் மிகும்.

நான்காம் நாள் முதல்

வலியும் வீக்கமும் குறையக் குறைய உணவின் கெட்டித்தன்மையைக் கூட்டிக்கொண்டே போகலாம். மெல்லிய தோசை, வேகவைத்த காய்கறி, முள் நீக்கிய மென்மையான மீன் ஆகியவற்றை மறுபுறத்துப் பற்களால் மெதுவாக மென்று உண்ணலாம். இருபுறமும் பல் எடுத்திருந்தால் மென்மையான உணவையே மேலும் சில நாள் தொடர வேண்டும். முறுக்கு, தட்டை, அப்பளம், பொரி, கடலைமிட்டாய், வறுத்த கடலை, மிக்சர் ஆகியவை கடைசியாகத் திரும்ப வேண்டியவை. கூரிய துண்டுகள் புதிய ஈற்றைக் கிழிக்கும். பொடிந்த துகள்கள் குழியை அடைக்கும். இரண்டு வாரமேனும் இவற்றைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பது நன்று. கெட்டியான இறைச்சிக்கும் இதே கால அளவைக் கொள்ளலாம்.

பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடலாம். குழியின்மேல் ஈறு மூடிக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அடியில் எலும்பு நிறையச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அவ்விடத்தில் உணவு சேர்ந்தால் ஊசி, தீக்குச்சி, ஊக்கு முதலியவற்றால் குத்தி எடுக்கலாகாது.

உண்டபின் தூய்மை

24 மணி நேரம் கழிந்தபின், ஒரு டம்ளர் இளஞ்சூடான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு முறை உண்ட பின்னரும் வாயைக் கழுவ வேண்டும். வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். நீரை வாயில் வைத்துத் தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்து, பின் தானாக வழியவிடுவதே போதும். மற்றப் பற்களை மறுநாள் முதலே மென்மையாகத் துலக்கலாம். துலக்காமல் விட்டால் கிருமிகள் பெருகும். கிராம்பு எண்ணெய், வெற்றிலைச் சாறு, மாத்திரைத் தூள், புகையிலை ஆகியவற்றைப் புண்ணுக்குள் வைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். இவை ஈற்றைப் புண்படுத்தும்.

மருந்தும் உணவும்

ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குடலில் எரிச்சல் உண்டாகும். கஞ்சியோ பாலோ அருந்தியபின் கொடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் அதனை உட்கொள்ளலாகாது. பாரசிட்டமால் பாதுகாப்பானதே, ஆயினும் பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் உட்கொள்ளலாகாது. எடை குறைந்தோர்க்கும் கல்லீரல் நோயாளர்க்கும் அளவு இன்னும் குறையும். ஆஸ்பிரினைத் தாமாகவே வலிக்கு எடுத்துக்கொண்டால் குருதிக் கசிவு மிகும். இருதய நோய்க்காக ஏற்கெனவே அதனை உண்பவர்களோ, மருத்துவர் சொல்லாமல் தாமாக நிறுத்தலாகாது. நோய்நுண்ணுயிர்க் கொல்லி மருந்து எழுதப்பட்டிருந்தால், வலி தீர்ந்துவிட்டதென்று இடையில் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும்.

நீரிழிவு நோயாளர் வீட்டில் சிறப்பான கவனம் தேவை. வாய் வலியால் உணவைக் குறைத்துக்கொண்டு, இன்சுலினையோ மாத்திரையையோ வழக்கமான அளவில் எடுத்தால், குருதியில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்றல், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அதற்கு மாறாக, மெல்ல முடியாதென்று பழச்சாறும் ஐஸ்கிரீமுமாகக் கொடுத்தால் சர்க்கரை ஏறி, புண் ஆறத் தாமதமாகும். எனவே பல் எடுக்கும் நாளைக் குறிக்கும்போதே மருந்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

தவக்காலத்தில் பல் எடுக்க நேர்ந்தவர்கள் ஒருசந்தியைக் குறித்து மனக்கலக்கம் அடைய வேண்டியதில்லை. நோயுற்றோரை அக்கடமை கட்டுப்படுத்துவதில்லை. நற்கருணைக்கு முன் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு மணி நேர ஒருசந்தியையும், 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின்படி, தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. நோயாளர்க்கு அதிலும் விலக்கு உண்டு.

தாமதிக்கலாகாத வேளைகள்

பெரும்பாலோர்க்கு எல்லாம் நலமாகவே முடியும். எனினும் சில அறிகுறிகளை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். சுத்தமான துணிப்பஞ்சை வைத்து அரைமணி நேரம் விடாமல் அழுத்திக் கடித்தும் குருதி நிற்கவில்லையானால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூன்று நாட்களுக்குப்பின் வீக்கம் குறையாமல் மேலும் பெருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, கீழுதட்டின் மரப்பு மறுநாளும் நீங்கவில்லையானாலோ அவ்வாறே செய்ய வேண்டும்.

நாக்கின் அடியிலும் தாடையின் கீழும் வீக்கம் கெட்டியாகப் பரவி, எச்சிலை விழுங்கவே முடியாமல், பேச்சுக் குழறி, மூச்சுத் திணறுமாயின் ஒரு நிமிடமும் வீணாக்கலாகாது. பல்லிலிருந்து பரவும் கிருமியால் நேரும் இக்கொடிய நிலையை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் என்பார் 1836-ஆம் ஆண்டில் விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. மூச்சுக்குழல் அடைபட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்நேரத்தில் கஞ்சி ஊட்ட முயலாமல், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே கொண்டுசெல்ல வேண்டும். நம் நாட்டில் 108 என்ற எண்ணை அழைத்தால் பல மாநிலங்களில் ஆம்புலன்ஸ் வண்டி வரும்.

இறுதியாகக் குடும்பத்தார்க்கு ஒரு சொல். பல் எடுத்தவர் பேச முடியாமல் சோர்ந்து கிடப்பார். "ஒரு பல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேலி பேசுவதும், அவர் எதிரே அமர்ந்து முறுக்கு கடிப்பதும் வேண்டாம். முடியுமாயின் அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு வீட்டார் அனைவருமே குழைந்த பருப்புச் சோறும் இட்லியுமாக உண்ணலாம். தாய்க்கு இருமுறை சமைக்கும் சுமை குறையும். நோயாளிக்குத் தனித்து விடப்பட்டோம் என்னும் எண்ணமும் தோன்றாது. அவர் பழையபடி நொறுங்கத் தின்னும் நாள் விரைவிலேயே வரும்.